வெள்ளிக்கிழமைகளில் திரும்பி வந்தவை

9 ஜூன் 2025, திங்கள்

ஹாலில் ட்யூப்லைட் போய்விட்டது. மாற்றலாம் என்று எழுந்தால் ஏணி இல்லை. ஏணி பூந்தமல்லியில், ஷவுகத் அலியின் குடோனில் இருக்கிறது. பொங்கலுக்கு முன்னால் வாங்கிப் போனான். ஊருக்கே சாமியானா, நாற்காலி, அண்டா குண்டா எல்லாம் வாடகைக்கு விடுகிறவன், தனக்கு ஒரு ஏணி வேண்டுமென்றால் பூந்தமல்லியிலிருந்து நூம்பல் வரை வந்து என்னிடம் ஓசி வாங்குவான். கேட்டால், "என் கட ஏணி கஸ்டமருக்கு மாமே, உன் ஏணிதான் எனக்கு" என்பான்.

ஏணி மட்டுமா? டிரில் மெஷின் போன வருஷம் போனது. பெரிய சூட்கேஸ், அவனும் அவன் பெண்டாட்டி சைனம்புவும் உம்ராவுக்குப் போனபோது போனது. அவர்கள் மக்கா பார்த்துவிட்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, சூட்கேஸ் இன்னும் என் வீட்டைப் பார்க்கவில்லை.

எதையாவது திருப்புவதாக இருந்தால் வெள்ளிக்கிழமைதான். ஜும்மா தொழுதுவிட்டு நேராக இங்கே வருவான். இரண்டு மணிக்கு பெல் அடித்தால் அவன்தான். தருவது ஒன்று, எடுத்துப் போவது இரண்டு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தொரு வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் நான். உள்ளே வந்தது, வெளியே போனது எல்லாம் தலைக்குள் நிற்கும். அவனும் அதே ஷாப்பில் ஒன்பது வருஷம் லேத் ஓட்டினான். அவன் கடைந்த பீஸை நான் ரிஜக்ட் செய்ததில்தான் எங்கள் பழக்கமே ஆரம்பித்தது.

பெரிய கடன் ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றி இன்று வேண்டாம்.

10 ஜூன், செவ்வாய்

பகல் வாட்ச்மேன் நாகேந்திரன் ஸ்டூல் மேல் ஸ்டூல் போட்டு ட்யூப்லைட்டை மாட்டிக் கொடுத்தான். நான் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

12 ஜூன், வியாழன்

காலை ஆறரைக்கு முதஸ்ஸிர் போன் செய்தான். ஷவுகத்தின் ஒரே பையன். "அங்கிள், அத்தா..." என்றான். பக்கத்திலிருந்தவர் போனை வாங்கிச் சொன்னார். காலைத் தொழுகைக்கு எழுந்து, கைகால் கழுவ உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டானாம்.

மாலையில் பள்ளிவாசலுக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் ஓரமாக நின்றேன். ஜனாஸா தொழுகைக்கு முன்னால் முதஸ்ஸிர் அப்பாவின் உடலுக்குப் பக்கத்தில் நின்று சத்தமாகச் சொன்னான்: "எங்க அத்தா யாருக்காவது கடன் தரணும்னா, பொருள் ஏதாவது வாங்கி வச்சிருந்தா, என்கிட்ட சொல்லுங்க, நான் குடுத்துடறேன். இல்லன்னா அல்லாவுக்காகப் பொறுத்துக்குங்க." ஒருவர் கை தூக்கினார். இரண்டு மூன்று பேர் "பொறுத்துக்கிட்டோம்" என்றார்கள். முதஸ்ஸிர் கூட்டத்தைப் பார்த்தான். என்னையும் பார்த்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை. சாவு வீட்டில் கடனைப் பற்றிப் பேசுவதா? எங்கள் பக்கம் அப்படிப் பேசினால் காறித் துப்புவார்கள். சும்மா நிற்பதுதான் மரியாதை என்று நின்றேன்.

வெளியே வரும்போது ஒரு பெரியவரிடம் கேட்டேன், எதற்கு இப்படிக் கேட்கிறார்கள் என்று. "குடுக்க வேண்டியது இருந்தா, அது தீர்ற வரைக்கும் ரூஹு, அதான் உசுரு, அந்தரத்துல நிக்கும் தம்பி. ஒண்ணு கேக்கணும், இல்ல பொறுத்துக்கினேன்னு வாய் தொறந்து சொல்லணும். சும்மா நிக்கக் கூடாது" என்றார்.

அதற்குள் மண் தள்ளிவிட்டார்கள்.

13 ஜூன், வெள்ளி

இரண்டு மணிக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரடா வருவார்கள், முட்டாள்.

15 ஜூன், ஞாயிறு

அன்று வேண்டாம் என்று விட்டதை இன்று எழுதிவிடுகிறேன்.

2021 கடைசியில் கல்யாணங்களே இல்லாமல் அவன் கடை படுத்துவிட்டது. என் ரிட்டையர்மெண்ட் பணத்திலிருந்து இரண்டு லட்சம் கொடுத்தேன். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. அடுத்த ஆகஸ்டில் என் மனைவி அஞ்சலைக்குக் கிட்னி பழுதாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பணம் கட்டு கட்டு என்றார்கள். அவனிடம் கேட்டேன். நாற்பது வருஷப் பழக்கத்தில் ஒரே ஒரு தடவை கேட்டேன். "வெள்ளிக்கிழம கொண்டாந்துடறேன் மாமே" என்றான். வந்தான். இருபதாயிரத்தோடு வந்தான். ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை போய்விட்டாள்.

முழுப் பணம் இருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அது எனக்குத் தெரியும். தெரிந்தால் ஆறிவிடுமா?

அதற்குப் பிறகும் அவன் வெள்ளிக்கிழமைகளில் வந்தான். நான் டீ போட்டுக் கொடுத்தேன், சிரித்தேன். பணத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் அவன் டீயில் மட்டும் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் குறைத்துப் போட்டேன். மூன்று வருஷம். அவனுக்குத் தெரிந்திருக்கும். ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டுப் போவான்.

மரியாதைக்காக வாயை மூடினேன் என்று எழுதினேனே, அது பாதிதான். பொறுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. அதுதான் மீதி.

20 ஜூன், வெள்ளி

சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண் அசந்தேன். இரண்டு பத்துக்கு பெல் அடித்தது. திறந்தால் யாரும் இல்லை. கதவுக்குப் பக்கத்தில் சுவரில் என் ஏணி சாய்ந்திருந்தது.

முதஸ்ஸிர் ஆள் விட்டு அனுப்பியிருப்பான் என்று நினைத்தேன். நல்ல பையன். ஏணியைச் சோதித்தேன், பழக்கம் போகாதே. நாலாவது படியில் நான் கட்டிய கம்பி அப்படியே இருக்கிறது. அடியில் ரப்பர் பொத்தான் இரண்டிலும் ஈர மண் ஒட்டியிருந்தது. மழை பெய்து பத்து நாள் ஆகிறது.

மாலையில் நன்றி சொல்லலாம் என்று போன் செய்தேன். "நான் அனுப்பலியே அங்கிள். அத்தா போனதுலேர்ந்து குடோன் தொறக்கவே இல்ல. சாவி என்கிட்டதான் இருக்கு" என்றான்.

அப்புறம் வேறு எதையோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். மண்ணைக் கழுவவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

27 ஜூன், வெள்ளி

இரண்டு பத்து. பெல். டிரில் மெஷின், வாசல் மிதியடி மேல்.

தூக்கினேன். பிடி சூடாக இருந்தது. யாரோ அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இப்போதுதான் கீழே வைத்த மாதிரி சூடு. கீழே போட்டுவிட்டேன்.

பனியனோடு இறங்கி கேட்டுக்கு ஓடினேன். நாகேந்திரன் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யார்றா வந்தது?"

"நம்ம பாய்தான் சார். வெள்ளிக்கிழம பாய். போன வாரங்கூட ஏணி தூக்கினு வந்தாரே. ஏன், மேல வர்லியா?"

விசிட்டர் நோட்டை வாங்கிப் பார்த்தேன். பெயர்: ஷ. அலி. வீடு: எஃப்-2. காரணம்: பொருள் திருப்ப. உள்ளே: 2.08. பக்கத்தைத் திருப்பினேன். போன வெள்ளியும் அதே. அந்தக் கையெழுத்தை ஒன்பது வருஷம் ஜாப் கார்டில் பார்த்தவன் நான். 'ஷ'வுக்கு அவன் போடுகிற வால் வேறு யாருக்கும் வராது.

இரண்டிலும் 'வெளியே' என்ற கட்டம் காலியாக இருந்தது.

"எப்படா போனாரு?"

"போனத நான் பாக்கல சார்" என்றான்.

அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே வேலையை விட்டு ஓடிவிடுவான். அது ஒரு காரணம். அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டிலேயே தடுத்துவிடுவானோ என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதை எழுதும்போது எனக்கே என் மேல் பயமாக இருக்கிறது.

1 ஜூலை, செவ்வாய்

மூன்று நாளாகப் படியில் இறங்கவில்லை. பால் பாக்கெட்டை நாகேந்திரன் கொண்டு வந்து வைக்கிறான்.

4 ஜூலை, வெள்ளி

இன்று ஒன்றே முக்காலுக்கே கதவுக்கு உள்பக்கம் நின்றேன். துவாரத்தில் கண் வைத்தபடியே இருந்தேன். எதிர்வீட்டுக் கோலம், படிக்கட்டுக் கம்பி, மின்சார மீட்டர். வேறு ஒன்றும் இல்லை. கண்ணை எடுக்கவே இல்லை.

பெல் அடித்தது.

துவாரத்தில் யாரும் இல்லை. ஆனால் பெல் அடிக்கிறது. அவன் எப்போதும் அடிக்கிற மாதிரி, இரண்டு தடவை சின்னதாக, ஒரு தடவை நீளமாக. திறந்தேன். சூட்கேஸ் நின்றது. உம்ரா போனபோது ஏர்போர்ட்டில் கட்டிய டேக் இன்னும் கைப்பிடியில் தொங்குகிறது.

"ஷவுகத்து?" என்றேன். படிக்கட்டைப் பார்த்துச் சொன்னேன். இறங்கிக்கொண்டிருந்த காலடி ஒன்று பாதிப் படியில் நின்றது. நான் மூச்சை அடக்கினேன். அதுவும் நின்றபடியே இருந்தது. அப்புறம் நான்தான் கதவைச் சாத்திக்கொண்டேன். பயந்துட்டேன். ஒளிச்சி என்ன, பயந்துட்டேன்.

சூட்கேஸுக்குள் ஒன்றும் இல்லை. அத்தர் வாசனை மட்டும்.

5 ஜூலை, சனி

இந்த நோட்டைப் புரட்டினேன். ஜூன் ஒன்பதாம் தேதி எழுதியிருக்கிறேன்: ஏணி, டிரில் மெஷின், சூட்கேஸ். அதே வரிசையில் வந்திருக்கிறது. நான் எழுதி வைத்த வரிசை. அடுத்து எழுதியது பணம். அதற்கு அவன் எங்கே போவான்?

இன்ஸ்பெக்‌ஷனில் ஒன்று செய்வோம். அளவு பார்க்கிற கேஜ் சரியாக வேலை செய்கிறதா என்று சந்தேகம் வந்தால், தப்பான பீஸ் ஒன்றை வேண்டுமென்றே உள்ளே விட்டுப் பார்ப்போம். அதையும் சரி என்று காட்டினால் கேஜில் கோளாறு.

எழுதுகிறேன்: ஷவுகத் அலி என்னிடம் ஒரு நீல பிளாஸ்டிக் பக்கெட் வாங்கிப் போனான். திருப்பித் தரவில்லை.

சத்தியமாக அப்படி ஒரு பக்கெட்டை நான் அவனுக்குக் கொடுத்ததே இல்லை.

8 ஜூலை, செவ்வாய்

முதஸ்ஸிர் வந்திருந்தான். இளைத்துவிட்டான். தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"அம்மா கனவுல அத்தா வர்றாரு அங்கிள். தெனமும். கை நெறைய ஏதேதோ தூக்கிக்கினு வாசல்லயே நிக்கிறாரு. உள்ள வாங்கன்னா வர மாட்டேன்றாரு. இன்னும் முடியலன்றாரு. அம்மாக்கு உங்க நெனப்புதான். அத்தா உங்ககிட்டதான் எல்லாம் வாங்குவாருன்னு... ஏதாவது இருந்தா சொல்லுங்க, நான் குடுக்கறேன். இல்லன்னா பொறுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க அங்கிள்."

ஒரு வார்த்தை. நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்றேன். கேட்கவும் இல்லை, பொறுக்கவும் இல்லை. மறுபடியும் அதே நழுவல்தான். எனக்கு வெள்ளிக்கிழமை பக்கெட் வருகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

11 ஜூலை, வெள்ளி

வந்துவிட்டது. நீல பக்கெட்.

புதிது இல்லை. பிடியில் உப்புத் தண்ணீர்க் கறை. அடியில் சிவப்பு பெயிண்ட் இருந்து யாரோ சுரண்டியிருக்கிறார்கள். பழைய எழுத்தின் ஒரு கோடு மட்டும் மிச்சம் இருக்கிறது. என்ன எழுத்து என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை.

கேட்டால் வருகிறது. பொய்யாகக் கேட்டாலும் வருகிறது!

12 ஜூலை, சனி

ராத்திரி தூங்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அஞ்சலையை எடுத்துப் போனபோது கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டோம். மூக்கில் போட்டபடியே மின்மயானத்தில் உள்ளே தள்ளிவிட்டார்கள். அது உலகத்திலேயே இல்லை. அவள் புடவைகளை மகள் பவ்யா யாருக்கோ கொடுத்துவிட்டாள். போட்டோவைத் தவிர இந்த வீட்டில் அவள் தொட்ட பொருள் என்று சொல்ல எதுவும் இல்லை.

எழுதுகிறேன்: அஞ்சலையின் கண்ணாடி. மண் கலர் ஃபிரேம். ஷவுகத் அலி வாங்கிப் போனான். திருப்பித் தர வேண்டும்.

14 ஜூலை, திங்கள்

பவ்யா பெங்களூரிலிருந்து பேசினாள். குரல் நல்லா இருக்கேப்பா, என்ன விசேஷம் என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

18 ஜூலை, வெள்ளி

வந்துவிட்டது வந்துவிட்டது வந்துவிட்டது.

மிதியடி மேல், மடித்த கைக்குட்டையில். மண் கலர் ஃபிரேம். கண்ணாடியில் விரல் ரேகை இருக்கிறது. துடைக்க மாட்டேன். யாரையும் தொடவும் விட மாட்டேன்.

வலது காம்பு அவளுடையதைவிடக் கொஞ்சம் வளைந்திருக்கிறது. அவளுடையதில் திருகாணிக்குப் பக்கத்தில் ஒரு கீறல் உண்டு, இதில் காணவில்லை. நூலிழை வித்தியாசத்துக்கு ஆயிரக்கணக்கில் பீஸ் ரிஜக்ட் செய்தவன் நான். இதைப் பாஸ் செய்கிறேன்.

சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் முழுக்க அது நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. சந்தோஷமாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு அப்புறம் இரண்டு தோசை சாப்பிட்டேன்.

19 ஜூலை, சனி

ஷவுகத் அலி என்னிடம் வாங்கிப் போனது: அஞ்ச

இல்லை. அடித்துவிட்டேன்.

ஏன் அடித்தேன்? கேட்டால் என்ன? ஒரு நாளைக்கு, ஒரே ஒரு வெள்ளிக்கிழமைக்கு. அவன் கொண்டு வந்துதானே ஆக வேண்டும்? அவன் எனக்குத் தர வேண்டியவன்தானே?

பேனாவை மூடி வைக்கிறேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

20 ஜூலை, ஞாயிறு

காலையில் நாகேந்திரன் பால் கொடுத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றான். தலையைச் சொறிந்தான்.

"சார், நம்ம பாய்க்கு ஒடம்பு எதுனா சரியில்லியா?"

"ஏன்டா?"

"முந்தாநேத்து பாத்தேன், ஆளே பாதியா கீறாரு சார். கால்ல செருப்பு கூட இல்ல. வேகாத வெயில்ல பூந்தமல்லிலேர்ந்து நடந்தே வந்துகினு கீறேன்றாரு. ஒக்காரு பாய்னேன், ஒக்காரல. தண்ணி குட்த்தேன், வேணான்ட்டாரு. அப்பால இன்னா கேட்டாரு தெரியுமா? 'நாகேந்திரா, ஒங்க சாரு நோட்டுல இன்னும் எத்தினி எழுதி வச்சிகீறாரு, கேட்டு சொல்றியா'ன்றாரு. கண்ணுல தண்ணி சார். இன்னா சார் அது, இன்னா எழுதுறீங்க?"

கதவைச் சாத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என்ன மனுஷன்யா நான். உயிரோட இருந்தப்போ ஒரு வார்த்த கேக்கல. திட்டக்கூட இல்ல. டீயில சக்கரய கொறச்சேன். செத்தவன வெயில்ல செருப்பில்லாம நடக்க வுட்டு வேடிக்க பாத்துகினு இருக்கேன். ரெண்டு லட்சத்துக்கு எத்தினி தடவடா நடப்பான் அவன்?

அஞ்சலையை எழுதியிருந்தால் அதற்கும் போயிருப்பான். எங்கே போய் நின்றிருப்பானோ.

21 ஜூலை, திங்கள்

இன்று நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. முதஸ்ஸிர் கூப்பிடவில்லை, நானாகப் போனேன்.

ஓதி முடித்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். முதஸ்ஸிரைத் தனியாக அழைத்தேன். தங்கச்சியிடம் பேச வேண்டும் என்றேன். சைனம்பு இத்தாவில் இருக்கிறாள், நாலு மாசம் பத்து நாள் வெளி ஆண்கள் முன்னால் வர மாட்டாள். உள் அறைக்குத் திரை போட்டிருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்காரச் சொன்னான். நான் உட்காரவில்லை.

"தங்கச்சி, ஷவுகத் எனக்குப் பணம் தர வேண்டியிருந்தது. அதை அன்னிக்குச் சொல்லாம நின்னுட்டேன். மனசுல வெறுப்ப வச்சிக்கிட்டு நின்னுட்டேன். இப்ப சொல்றேன், பொறுத்துக்கிட்டேன். முழுசா பொறுத்துக்கிட்டேன்."

சொல்லும்போது அழுதுவிட்டேன். பொய் இல்லை, மனதாரச் சொன்னேன். அஞ்சலை சத்தியமாகச் சொன்னேன். திரைக்குள்ளிருந்து அல்ஹம்துலில்லாஹ் என்று மெல்லக் கேட்டது.

எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். கிளம்பும்போது முதஸ்ஸிர், "அம்மாவே இன்னிக்கு உக்காந்து ஓதணும்னு ஆசப்பட்டாங்க அங்கிள். முடியல. கண்ணாடி காணோம்" என்றான்.

"எந்தக் கண்ணாடி?"

"படிக்கிற கண்ணாடி. வெள்ளிக்கிழம மத்தியானம் குர்ஆன் பக்கத்துலதான் வச்சாங்களாம். ஊட்டுக்கு யாரும் வரவும் இல்ல. அதுக்கு முந்தின வாரம் அப்படித்தான் பாத்ரூம் பக்கெட்டு. கடை பெயிண்டுல அத்தா பேரு எழுதினது."

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. எடுத்து நீட்டினேன். அவன் திரைக்குள் கொடுத்தான்.

"இது என்னுதுதான் அண்ணே. இலவச கண் முகாம்ல அஞ்சலக்காவும் நானும் ஒண்ணா வாங்கினது. ரெண்டு பேருக்கும் ஒரே ஃபிரேம். உங்ககிட்ட எப்படி அண்ணே?"

சொன்னேன். ஏணியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கொடுக்காத பக்கெட்டையும் கொடுக்காத கண்ணாடியையும் எழுதி வைத்ததைச் சொன்னேன். செத்தவனிடம் என்ன இருக்கும்? கேட்டதைக் கொடுக்க வழியில்லாமல் தன் பெண்டாட்டி மூக்குக் கண்ணாடியை எடுத்து வந்திருக்கிறான். அவனுக்காக அவள் ஓத வைத்திருந்த கண்ணாடி! முதஸ்ஸிர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அவள் மட்டும் நம்பினாள். அவள் அழுதது எனக்குக் கேட்டது.

"என்னை மன்னிச்சிடும்மா. பொறுத்துக்கிட்டேன்னு சொல்லும்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்: "என் கண்ணாடிக்கும் பக்கெட்டுக்கும் நான் பொறுத்துக்கினேன் அண்ணே. அவுங்கள நடக்க வச்சீங்களே, அத நான் எப்படிப் பொறுக்கறது? அது அவுங்களுது. அவுங்கதான் சொல்லணும்."

கோபமாகச் சொல்லவில்லை. அவர்கள் வழக்கம் அது, உள்ளதைச் சொன்னாள். பக்கெட்டை நாளைக்குக் கொண்டு வந்து தருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்தேன்.

25 ஜூலை, வெள்ளி

இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை கேட்டில் நாகேந்திரன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "இன்னிக்கு பாய் வர்ல சார்" என்றான். பாய் இனிமேல் வர மாட்டார், தவறிவிட்டார் என்று சொன்னேன். "ஐயோ, எப்ப சார்?" என்றான்.

போன மாசம் பன்னிரண்டாம் தேதி என்று என்னால் சொல்ல முடியவில்லை. இப்பதான்டா என்றேன்.

1 ஆகஸ்ட், வெள்ளி

யாரும் வரவில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான்.

அடக்கஸ்தலத்துக்குப் போனேன். அவன் தலைமாட்டில் நின்று, பொறுத்துக்கடா மாமே, பொய்யா எழுதிட்டேன் என்றேன். பதில் இல்லை. எப்படி வரும்? அவன் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டான். நான்தானே அனுப்பினேன்.

16 ஆகஸ்ட், சனி

லீவுக்கு பவ்யா வந்திருக்கிறாள். காலையில் பீரோவைத் துடைத்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"நான் போனா, தூக்கறதுக்கு முன்னாடி நீ என் பக்கத்துல நின்னு சத்தமா ஒண்ணு கேக்கணும். எங்கப்பா யாருக்காவது ஏதாவது தர வேண்டியது இருக்கா, இருந்தா சொல்லுங்க, இல்லன்னா பொறுத்துக்குங்கன்னு."

"அதெல்லாம் நம்ம வழக்கம் இல்லியேப்பா. எல்லாரும் ஒரு மாதிரி பாப்பாங்க."

"பாக்கட்டும். நீ கேளு."

"கேட்டா யாருப்பா வரப் போறாங்க? நீ யார்கிட்டயும் ஒரு குண்டூசி கூட வாங்கினது கிடையாதே."

"ஒருத்தன் வருவான். அவன் வர்ற வரைக்கும் என்னத் தூக்க வேணாம்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். பிறகு, சரிப்பா, கேட்கிறேன் என்றாள்.

வந்து அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியவில்லை.